நாலரை மணிப் பசி: பாக்கெட் தீனியிலிருந்து குடும்பம் மீளும் வழி

தமிழ்நாட்டு வீடுகளில் பாக்கெட் தீனி நுழையும் நேரம் பெரும்பாலும் ஒன்றுதான்: மாலை நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்று மூன்று வேளையும் அடுப்பெரியும் வீட்டில்கூட, அந்த இரண்டு மணி நேரத்துக்குள் சிப்ஸும் கிரீம் பிஸ்கட்டும் நூடுல்ஸும் பேக்கரி பஃப்ஸும் வந்து உட்கார்ந்துவிடும். 'இனிமேல் இந்த வீட்டில் இதெல்லாம் கிடையாது' என்று ஞாயிற்றுக்கிழமை எடுத்த முடிவு செவ்வாய், புதன் வாக்கில் உடைவதும் அதே நேரத்தில்தான். பிள்ளைக்கு உண்மையிலேயே பசிக்கிறது, வீட்டில் உடனே எடுத்துக் கொடுக்க ஒன்றும் இல்லை, பாக்கெட்டைக் கிழிக்க அரை நிமிஷம் போதும். இந்த மூன்றும் சேரும்போது எந்த உறுதியும் நிற்காது. அதனால் மாற்றத்தை இரவுச் சாப்பாட்டிலிருந்தோ கீரைக்கட்டிலிருந்தோ தொடங்காமல் நாலரை மணியிலிருந்து தொடங்குவதுதான் பலன் தரும்.

பசி தொடங்குவது டிபன் பாக்ஸில்

பள்ளிக்குக் கட்டிக் கொடுக்கும் டப்பாவைத் திறந்து பாருங்கள். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். தக்காளி சாதம், அப்பளம். புளியோதரை, சிப்ஸ். சோறும் மாவுச்சத்து, தொட்டுக்கொள்வதும் பெரும்பாலும் மாவுச்சத்து. ஒரு கப் சோற்றில், அதாவது வெந்தது 150 கிராமில், புரதம் 4 கிராம் அளவில்தான் இருக்கும். 10 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 32 கிராம் அளவு புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கு. மதியம் 4 கிராம் போனால் மீதி எங்கிருந்து வரும்? போதாக்குறைக்கு, கொடுத்த இடைவேளையில் பாதி விளையாட்டுக்குப் போய்விடும், டப்பாவும் பாதியோடு திரும்பி வரும். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட அரை டப்பா சோறு நாலரை வரை தாங்காது. அந்தப் பசியை 'வாய்ப்பசி' என்று திட்டுவது நியாயமில்லை.

இதைச் சரிசெய்யப் புதுச் சமையல் எதுவும் கற்க வேண்டியதில்லை. எலுமிச்சை சாதத்தில் பேருக்கு நாலு கடலை போடுவதை விட்டுவிட்டு, ஒரு ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி வறுத்த வேர்க்கடலை போட்டால் 5 கிராம் புரதம் கூடும். ஒரு முட்டை என்றால் 6 கிராம். தயிர் சாதத்தோடு ஒரு கைப்பிடி சுண்டல், புளியோதரையோடு உருளைக்கிழங்குக்குப் பதில் கொண்டைக்கடலைப் பொரியல், சாம்பார் சாதம் என்றால் பருப்பைக் கெட்டியாக வேகவைத்து சோற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு. சோற்றின் அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். டப்பா காலியாகத் திரும்பும். ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வகுத்துள்ள ஒரு நாள் தட்டில், மொத்தக் கலோரியில் தானியங்களின் பங்கு 45 சதவீத அளவில்தான் இருக்கிறது. நம்முடைய டிபன் பாக்ஸில் அது முக்கால் பங்கைத் தாண்டிவிடுகிறது.

பாக்கெட்டில் ஏன் வயிறு நிறைவதில்லை

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் தலைமையில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்க வைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் எளிய முறையில் சமைத்த உணவு. இரண்டிலும் பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறக்குறைய சமமாக இருக்கும்படி வைத்து, வேண்டும் அளவு சாப்பிடச் சொன்னார்கள். ஆலை உணவு கிடைத்த வாரங்களில் ஒவ்வொருவரும் நாளொன்றுக்குச் சராசரியாக 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், இரண்டு வாரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை ஏறியது. சமைத்த உணவில் அதே அளவு இறங்கியது. ஆலை உணவை அவர்கள் வேகமாகவும் சாப்பிட்டிருக்கிறார்கள்.

நம்முடைய சிப்ஸ் பாக்கெட்டைப் பார்த்தால் இதன் காரணம் புரியும். அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். வாயில் போட்டதும் கரைந்துவிடும், மெல்லும் வேலை இல்லை. வயிறு 'போதும்' என்று சொல்லச் சில நிமிஷங்கள் ஆகும், பாக்கெட் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். ஒரு கிண்ணம் சுண்டலை அந்த வேகத்தில் சாப்பிட முடியாது. தோலும் நாரும் பல்லுக்கு வேலை கொடுக்கும், வயிற்றிலும் நெடுநேரம் தங்கும்.

நாலரை மணித் தட்டு

இதில் முதல் இடம் சுண்டலுக்குத்தான். நவராத்திரிக்கு மட்டும் ஞாபகம் வரும் பண்டமாக அதை ஒதுக்கி வைத்தது பெரிய இழப்பு. நாலு பேருக்கு 200 கிராம் கருப்புக் கொண்டைக்கடலை போதும், ஊறி வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். மூன்று பங்கு தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குக்கரில் ஐந்தாறு விசில். ஊறவைக்க மறந்துவிட்டால், ஹாட்பாக்ஸில் கடலையைப் போட்டு மேலே நன்றாகக் கொதிக்கும் நீரை ஊற்றி இறுக மூடி இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு வேகவையுங்கள், ஓரிரு விசில் கூட விட்டால் சரியாகிவிடும். எத்தனை விசில் விட்டும் கடலை கல்லாகவே இருந்தால் அது பழைய சரக்கு, அடுத்த முறை கடையை மாற்றுங்கள். புளி, தக்காளி, எலுமிச்சை எதையும் வேகும்போது சேர்க்கக் கூடாது. புளிப்பு சேர்ந்தால் தோல் இறுகிவிடும்.

பிள்ளைகள் சுண்டலை ஒதுக்குவதற்கு அதன் ருசியைக் காட்டிலும் அதன் வறட்சிதான் காரணம். கடலை விரலால் நசுக்கினால் மசியும் பதத்தில் இருக்க வேண்டும். இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, கடலையை அதில் போட்டதும் வெந்த நீரில் கால் கப் ஊற்றி, அது வற்றும் வரை மூன்று நிமிஷம் கிளறுங்கள். அப்போதுதான் காரமும் உப்பும் கடலைக்குள் இறங்கும். உப்பு மொத்தத்துக்கும் அரைத் தேக்கரண்டி. அடுப்பை அணைத்த பிறகு துருவிய தேங்காய் மூன்று மேசைக்கரண்டி, பொடியாக நறுக்கிய மாங்காய் அல்லது அரை மூடி எலுமிச்சைச் சாறு. புளிப்பு இருந்தால் உப்பு குறைந்தது நாக்குக்குத் தெரியாது, கடலையிலுள்ள இரும்புச்சத்தும் உடம்பில் கூடுதலாகச் சேரும். அதே வேளையில் டீ குடித்தால் அந்த லாபம் போய்விடும், டீயை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். மீந்த வெந்த நீரை இரவு ரசத்தில் சேர்க்கலாம்.

வாரத்தில் இரண்டு நாள் இது. பச்சைப் பயறும் தட்டைப் பயறும் நாலு மணி நேரம் ஊறினால் போதும், இரண்டு மூன்று விசிலில் வெந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையே கால் கிலோ கடலையை உப்பில்லாமல் வேகவைத்து, நீரை வடித்து, டப்பாக்களில் பிரித்து வைத்தால் ஃப்ரிட்ஜில் மூன்று நாள், ஃப்ரீசரில் ஒரு மாதம் இருக்கும். மாலையில் தாளிக்கும் வேலை மட்டுந்தான், ஐந்து நிமிஷம். இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் மாற்றம் நிலைப்பதும் நிலைக்காததும் இந்த டப்பாக்களைப் பொறுத்தே இருக்கிறது.

பிள்ளைகள் சிப்ஸில் தேடுவது மொறுமொறுப்பு. அதை ஈடுகட்டாமல் அவித்த பண்டங்களையே மாற்றி மாற்றிக் கொடுத்தால் பத்தே நாளில் சலித்துவிடும். அதற்குப் பொரிதான் சரியான பதில். நாலு கப் அரிசிப் பொரியை வாணலியில் சிறு தீயில் எண்ணெயில்லாமல் நாலு நிமிஷம் வறுங்கள், ஒரு பொரியை விரலால் அழுத்தினால் நசுங்காமல் உடைய வேண்டும். தனியாக ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தட்டிய பூண்டு நாலு பல், கறிவேப்பிலை, அரைக் கப் வறுத்த வேர்க்கடலை, கால் கப் பொட்டுக்கடலை, கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், கொஞ்சம் உப்பு சேர்த்து அடுப்பை அணைத்துவிட்டுப் பொரியைக் கொட்டிக் கலக்குங்கள். முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே ஆவி வேர்த்து மறுநாளே நமத்துவிடும். இறுக மூடினால் ஒரு வாரம் தாங்கும். வெங்காயம், தக்காளி, கேரட், எலுமிச்சை எல்லாம் தட்டில் போட்டபின் கலந்தால் போதும். கடலைகளை மட்டும் குறைக்காதீர்கள். வெறும் பொரி வெறும் மாவுச்சத்து, அரைமணி நேரத்தில் மறுபடி பசிக்கும்.

மற்ற நாள்களுக்கு அவித்த வேர்க்கடலை, சோளக்கதிர், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, காரக் கொழுக்கட்டை, ஒரு முட்டை, இரண்டு பழம் என்று வீட்டுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். பசி அதிகம் உள்ள பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு அடை நல்லது: இட்லி அரிசி ஒரு கப், துவரம்பருப்பு அரை, கடலைப்பருப்பு அரை, உளுந்து கால், மிளகாய் வற்றல் ஆறு. மூன்று மணி நேரம் ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்து, முருங்கைக்கீரை ஒரு கப் சேர்த்து ஊற்றுங்கள். புளிக்க வைக்க வேண்டாம். 'இதைச் சாப்பிட்டால் ராத்திரி சாப்பிடமாட்டானே' என்ற கவலை எல்லா வீட்டிலும் வரும். சாப்பிடாவிட்டால் ஒரு தோசை குறையும், அவ்வளவுதான். தட்டில் போனது சாப்பாடுதான். இரவுச் சாப்பாட்டை மட்டும் ஒன்பதரைக்குத் தள்ளாமல் எட்டு மணிக்குள் முடித்துவிட்டால், ஏழு மணிக்கு இன்னொரு பிஸ்கட் வேளை முளைக்காது.

நூடுல்ஸை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள்

திடீர்த் தடை பலிக்காது என்பதற்கு ஆய்வுச் சான்றே இருக்கிறது. ஜெனிஃபர் ஃபிஷர், லீன் பிர்ச் இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணுக்குத் தெரியும்படி வைத்துவிட்டுத் தொடக்கூடாது என்று தடுத்த பண்டத்தின் மீதே சிறு குழந்தைகளின் நாட்டம் கூடியது. அலமாரி மேல்தட்டில் பாக்கெட்டை ஒளித்து வைத்துவிட்டு 'இல்லை' என்பதைக் காட்டிலும், வாங்காமலேயே இருப்பது சுலபம். கடையில் ஒரு தடவை வேண்டாம் என்றால் போதும், வீட்டில் வைத்திருந்தால் தினமும் சொல்லியாக வேண்டும்.

நூடுல்ஸைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். அதன் கட்டி பெரும்பாலும் பாமாயிலில் பொரித்துக் காயவைத்தது, உப்பில் பெரும்பகுதி மசாலா பொட்டலத்தில் இருக்கிறது. முதல் வாரம் மசாலாவில் பாதியை மட்டும் போட்டு, மிளகுத்தூளும் கொஞ்சம் எலுமிச்சையும் சேருங்கள். இரண்டாம் வாரம் இரண்டு பேருக்கு ஒரு பாக்கெட், கூடவே ஒரு கப் பீன்ஸ், கேரட், பட்டாணி, ஒரு முட்டை. மூன்றாம் வாரம் அதே காய், அதே முட்டை, அதே மிளகோடு நூடுல்ஸுக்குப் பதில் அரிசிச் சேவை அல்லது உதிர்த்த இடியாப்பம். நாக்குக்குப் பழகிய வாசனை மாறாததால் எதிர்ப்பு குறையும். நாலாம் வாரத்திலிருந்து நூடுல்ஸ் மாதம் ஒன்றிரண்டு முறை வரும் பண்டமாகிவிடும். அதற்குமேல் கெடுபிடி தேவையில்லை.

குடிப்பதைக் கணக்கில் எடுப்பதில்லை

ஆறு வாரம் கஷ்டப்பட்டுத் தீனியை மாற்றிவிட்டு டம்ளரைக் கவனிக்காமல் விடும் வீடுகள் நிறைய. கோலா பானத்தில் 100 மில்லிக்குச் சுமார் 10.6 கிராம் சர்க்கரை, ஆக 300 மில்லி பாட்டிலில் 32 கிராம். ஒரு ஆளுக்கு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்பது 2015இல் உலக சுகாதார நிறுவனம் வைத்த பரிந்துரை. ஒரு பாட்டிலிலேயே அது தாண்டிவிட்டது. மாம்பழப் பானங்களும் இதற்கு இளைத்தவை இல்லை. பாலில் கலக்கும் மால்ட் பொடிகளைப் பல பெற்றோர் சத்து என்றே நம்பிக் கொடுக்கிறார்கள். 'ஹெல்த் டிரிங்க்' என்ற வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை என்பதால், அந்தத் தலைப்பின் கீழ் இவற்றை விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அடர்த்தியாக்கிய பழச்சாற்றில் தண்ணீர் கலந்து தயாரிக்கும் பானங்களின் அட்டையில் '100 சதவீதப் பழச்சாறு' என்று போடக்கூடாது என்ற உத்தரவும் அதே ஆண்டு ஜூனில் வந்தது.

மால்ட் பொடியை நிறுத்தவும் அதே படிப்படியான வழிதான். இரண்டு கரண்டி போடுவதை ஒன்றரை, ஒன்று, அரை என வாரத்துக்கு ஒரு படி இறக்கினால் ஒரு மாதத்தில் வெறும் பாலுக்கு வந்துவிடலாம். கோலாவின் இடத்துக்கு நீர்மோர்: ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர், தட்டிய இஞ்சி, கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். பிள்ளைகள் கேட்பதில் பாதி அந்தக் குளிர்ச்சிக்காகத்தான்.

அட்டையைப் படிக்கும் முறை

சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை போட்டாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஒரே பார்வையில் புரியும். இங்கே நாம்தான் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது. பொருள்கள் எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததற்கு வரிசையாக அச்சாகியிருக்கும். 'கேழ்வரகு பிஸ்கட்' என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் முதலில் கோதுமை மாவு அல்லது மைதா, அடுத்து சர்க்கரை, அடுத்து பாமாயில், கடைசியில் எங்கோ கேழ்வரகு என்றிருந்தால் அது சாதாரண பிஸ்கட்தான். பல பெயரில் ஒளிந்திருக்கும் சர்க்கரையையும் பாருங்கள்: இன்வெர்ட் சிரப், குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ். மால்டோடெக்ஸ்ட்ரின் பெயரில் சர்க்கரை இல்லாவிட்டாலும் உடம்பில் குளுக்கோஸாக மாறும் வேகத்தில் அதற்குச் சளைத்ததில்லை.

சோடியம் மில்லிகிராமில் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 1,000 மில்லிகிராம் சோடியம் என்றால் 2.5 கிராம் உப்பு, அதாவது பெரியவர்களுக்கே நாளொன்றுக்குச் சொல்லப்பட்ட 5 கிராமில் பாதி. பக்கத்தில் தினசரித் தேவையில் எத்தனை சதவீதம் என்றும் போட்டிருப்பார்கள். அது 2,000 கலோரி உண்ணும் பெரியவருக்கான கணக்கு. அதிலும் சேர்த்த சர்க்கரைக்கு 50 கிராமை அளவாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். அட்டையில் 20 சதவீதம் என்றால் 10 கிராம் சர்க்கரை. 25 கிராம் வரம்பில் பார்த்தால் அது 40 சதவீதம். கூடவே 'ஒரு பரிமாறல் 30 கிராம்' என்ற வரியும் இருக்கும். பிள்ளை முழுப் பாக்கெட்டையும் சாப்பிடும் என்றால் முழுப் பாக்கெட்டுக்கும் கணக்குப் போடுங்கள்.

விலைக்கும் இதே பழக்கம் உதவும். பத்து ரூபாய்ப் பாக்கெட்டில் 25 கிராம் இருந்தால் கிலோ 400 ரூபாய். அந்தப் பணத்துக்கு எத்தனை கிலோ கொண்டைக்கடலை வரும் என்று மளிகைக் கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுச் சமையலுக்கும் கணக்கு உண்டு

பாக்கெட்டை நிறுத்தியதும் முறுக்கு, சீடை, வடை, பஜ்ஜி என்று வீட்டு எண்ணெய்ச் சட்டி தினமும் ஏறினால் பெரிய வித்தியாசம் வராது. மாத மளிகையை வைத்து இதைச் சுலபமாக அளக்கலாம். ஒரு ஆளுக்கு நாளைக்கு 20 கிராம் எண்ணெய் என்றால் நாலு பேருக்கு மாதம் இரண்டரை லிட்டர் அளவு. உப்பு ஆளுக்கு 5 கிராம் வீதம் 600 கிராம், ஊறுகாய், அப்பளம், வெளிச் சாப்பாட்டில் சேர்வதையும் உள்ளடக்கி. உப்புப் பாக்கெட்டைப் பிரித்த அன்று தேதியை அதன் மேல் எழுதி வையுங்கள். நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ ஐம்பது நாளுக்கு முன்பே தீர்ந்தால் உப்பு அதிகமாகப் போகிறது. ஒரேயடியாகக் குறைத்தால் எல்லாரும் தட்டில் தனியாக உப்பைக் கேட்பார்கள். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்து, அந்த இடத்தில் எலுமிச்சை, மல்லித்தழை, சீரகம், மிளகைக் கூட்டினால் நாக்கு பழகிக்கொள்ளும்.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் மூன்றையும் 'ஆரோக்கியமானது' என்று கணக்கிலிருந்து விட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் தாதுச்சத்து இருக்கிறது, உண்மைதான். பெரும்பகுதி சர்க்கரையே. கேழ்வரகுக் கூழில் மூன்று கரண்டி வெல்லம் போட்டால் அது இனிப்புதான். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, அதை மோர் விட்டுக் கரைத்துக் கொடுத்தாலும் கிடைக்கும்.

சிறுதானிய இட்லியில் பலர் தோற்பதற்குக் காரணம் அரிசியை முழுதாக நீக்கிவிடுவது. இட்லி தட்டையாகி, ஆறியதும் வறண்டுவிடும், பிள்ளைகள் ஒரேடியாக வெறுத்துவிடுவார்கள். இட்லி அரிசி இரண்டு கப், சாமை அல்லது தினை ஒரு கப், உளுந்து ஒரு கப் என்று தொடங்குங்கள், அரைக்கும்போது ஊறிய அவல் ஒரு கைப்பிடி சேருங்கள். நாலைந்து முறைக்குப் பின் சிறுதானியத்தைக் கூட்டலாம்.

பயறும் நாரும் திடீரென்று கூடினால் வயிறு உப்பும், காற்று பிரியும். முதல் வாரம் ஆளுக்குக் கால் கப், அடுத்த வாரம் அரைக் கப், பிறகு முக்கால் கப் என்று ஏற்றுங்கள். ஊறவைத்த நீரைக் கொட்டிவிடுவதும் இதற்காகத்தான். தண்ணீர் குடிப்பது கூடாமல் நார்ச்சத்து மட்டும் கூடினால் மலச்சிக்கல் வரும், அதைப் பார்த்துப் பெரியவர்கள் 'சுண்டல் ஒத்துக்கொள்ளவில்லை' என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

வீட்டில் இருக்கும் மற்றவர்கள்

பாட்டி தாத்தாவிடம் 'பிஸ்கட் கொடுக்காதீங்க' என்று மட்டும் சொன்னால் அவர்கள் பாசத்தைக் காட்டும் வழியையே அடைத்துவிடுகிறோம். கையில் வேறொன்றைக் கொடுக்க வேண்டும். நாலரை மணித் தட்டை வைக்கும் பொறுப்பையே அவர்களிடம் விட்டுவிடுவது மிக நல்ல ஏற்பாடு. கடலை உரிப்பது, மாதுளை உதிர்ப்பது, பொரி கலப்பது எல்லாம் பேரப்பிள்ளையோடு உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை. ஊரிலிருந்து வரும் உறவினர்களிடம் 'பிள்ளைகளுக்குப் பழம் வாங்கி வாங்க' என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அப்பா மட்டும் தினமும் டீக்கடை பஜ்ஜியைப் பொட்டலம் கட்டி வந்தால் இதில் எதுவும் நடக்காது. அந்த எண்ணெய் திரும்பத் திரும்பச் சூடாவது. பொரித்த எண்ணெயில் கெட்டுப்போன பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலையிலிருந்து இருக்கிறது. கருத்து, நுரைத்து, தொட்டால் பிசுபிசுக்கும் எண்ணெயைக் கண்ணால் பார்த்தே ஒதுக்கிவிடலாம்.

'காயைச் சாப்பிட்டால் சாக்லேட் தருவேன்' என்ற பேரமும் வேண்டாம். காய் கஷ்டப்பட்டு விழுங்கும் மருந்தாகவும் சாக்லேட் பரிசாகவும் மனதில் பதிந்துவிடும். எலின் சாட்டர் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் வகுத்த வேலைப் பிரிவினை பெற்றோருக்குப் பெரிய நிம்மதி தரும்: எதை, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் முடிவு, எவ்வளவு என்பதும் சாப்பிடுவதா வேண்டாமா என்பதும் பிள்ளையின் முடிவு. புதுக் காய் ஒன்றைப் பிள்ளை ஏற்க எட்டு முதல் பதினைந்து தடவைகூட அது தட்டில் வர வேண்டியிருக்கும். பெரும்பாலான வீடுகளில் மூன்றாம் தடவையோடு விட்டுவிடுகிறார்கள். ஒரு கரண்டி மட்டும் வையுங்கள், மிச்சம் வைத்தால் ஒன்றும் சொல்லாதீர்கள், நாலு நாள் கழித்து வேறு பக்குவத்தில் மறுபடி வையுங்கள்.

பள்ளி கேன்டீனிலும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பிள்ளைகளுக்கு விற்கக்கூடாது என்று 2020இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தது. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் இதைக் கேட்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. இரண்டு மூன்று பெற்றோர் சேர்ந்து கேட்டால் கேன்டீனில் சுண்டலும் வாழைப்பழமும் வைப்பது நடக்கக்கூடிய காரியம்தான்.

யாருக்கு வேறு மாதிரி

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வேர்க்கடலை, கொண்டைக்கடலை எதையும் முழுதாகக் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்து உண்டு. மசித்தோ பொடித்தோ கொடுங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குப் பொட்டுக்கடலையாவது ஒத்துக்கொள்ளுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு உள்ள பெரியவர்களுக்குப் பயறின் அளவையும் பழத்தின் அளவையும் அவர்களைப் பார்க்கும் மருத்துவரே சொல்ல வேண்டும்.

எடை குறைவான பிள்ளை இருக்கும் வீட்டில் எண்ணெயையும் நெய்யையும் வெட்டுவது தவறு. பாக்கெட்டை நிறுத்தும்போது அதிலிருந்து வந்த கலோரியும் போகிறது. அதை ஈடுகட்ட அந்தப் பிள்ளையின் தட்டில் மட்டும் ஒரு கரண்டி நெய், சுண்டலில் கூடுதல் தேங்காய், மாலையில் எள்ளுருண்டை ஒன்று, இரவில் பாலோடு நேந்திரம் பழம் என்று சேருங்கள். மாதம் ஒருமுறை அதே தராசில், அதே நேரத்தில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து ஏறாமலே இருந்தால் குழந்தை நல மருத்துவரிடம் அந்தக் குறிப்போடு போங்கள்.